பளபளப்புக்கு எத்தனை மதிப்பெண்?

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் பெப்பிள் பீச்சில், 1950இல் தொடங்கிய புகழ்பெற்ற கார் அழகுப் போட்டி ஒன்று உண்டு. எஞ்சின், பெயிண்ட், இருக்கை என்று நடுவர்கள் ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். அப்படியானால் ஓரவஞ்சனைக்கு இடமேது என்கிறீர்களா?

1920இல் உளவியல் அறிஞர் எட்வர்ட் தார்ண்டைக், ராணுவ அதிகாரிகள் தமக்குக் கீழிருந்தோரை மதிப்பிட்டதை ஆராய்ந்தார். உடற்கட்டில் உயர்வாக மதிக்கப்பட்டவர்களே அறிவிலும் நடத்தையிலும் பெரும்பாலும் உயர்வாக மதிக்கப்பட்டிருந்தார்கள்! ஒன்றைப் பற்றிய எண்ணம் மற்றொன்றுக்கும் கசிகிறது. இதுவே ‘ஒளிவட்ட விளைவு’. பெயிண்ட் மின்னினால் எஞ்சினும் சுத்தமாகத் தோன்றும். எல்லாக் கார்களின் எஞ்சினையும் ஒருவர், பெயிண்டை வேறொருவர் பார்த்தால் இக்கசிவு குறையும். சில ஆசிரியர்கள் வகுப்பு முழுவதன் முதல் விடையையும் திருத்திவிட்டே இரண்டாம் விடைக்குப் போவார்கள் அல்லவா? அதே உத்திதான்.

ஆனால் நடுவர்கள் எல்லோருக்கும் ஒரே ரசனை என்றால் சராசரி எடுத்தும் பயனில்லை. பெப்பிள் பீச்சில் பல பத்தாண்டுகளாக இரண்டாம் உலகப் போருக்கு முந்திய கார்களே முதற்பரிசு பெற்றுவந்தன. 1954ஆம் ஆண்டு ஃபெராரி ஒன்று அதை மாற்றியது 2014இல்தான். மெருகேற்றிப் புதிதாக்காமல், பழைய தோற்றத்திலேயே காக்கப்பட்ட கார் முதன்முதலாக வென்றதோ 2024இல். அது 1934ஆம் ஆண்டுப் புகாட்டி. அதற்குள் பரிசை எண்ணி எத்தனை பேர் அசல் பெயிண்டைச் சுரண்டி எடுத்தார்களோ!