யாருமற்ற நிலமா?

ஓர் இனம் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வரும் மண்ணை, 'யாருக்கும் உரிமையற்ற நிலம்' என்று சட்டம் கூற முடியுமா? ஆங்கிலேயர் 1788இல் குடியேறிய ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் சட்டம் அப்படித்தான் கருதி வந்தது. வடபகுதியில் வாழும் யொல்ங்கு மக்கள் பாக்சைட் சுரங்கத்தை எதிர்த்து வழக்காடினர். அவர்களுக்கெனத் தனிச் சட்டமுறை உண்டென்பதை நீதிபதி ஒப்புக்கொண்டார். ஆயினும் நிலவுரிமை இல்லையென்று 1971இல் தீர்ப்பளித்தார்.

இந்நிலையை மாற்றியது ஒரு சிறு தீவு. டாரஸ் நீரிணையிலுள்ள மேர் தீவு 1879இல் குயின்ஸ்லாந்துடன் இணைக்கப்பட்டது. அங்குப் பிறந்த எடி கொய்கி மாபோ, டவுன்ஸ்வில் நகரப் பல்கலைக்கழகத்தில் தோட்டக்காரராக இருந்தார். அங்கிருந்த வரலாற்றாசிரியர்களுடன் உரையாடுகையில்தான், தம் முன்னோர் நிலம் சட்டப்படி அரசுக்குரியது என்றறிந்து திகைத்தார்.

1982இல் மாபோவும் வேறு நால்வரும் நாட்டின் தலைமை நீதிமன்றத்தை நாடினர். வழக்கு நடக்கும்போதே, 1985இல், தீவினரின் உரிமையை அடியோடு நீக்கக் குயின்ஸ்லாந்து அரசு ஒரு சட்டம் இயற்றியது. இன வேறுபாட்டைத் தடுக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அது முரணானது என 1988இல் நீதிமன்றம் ஒதுக்கியது.

பட்டாவோ பத்திரமோ இல்லாத தீவில் எதைச் சான்றாகக் காட்டுவது? எந்தத் தோட்டம் எக்குடும்பத்துக்குரியது, எல்லை எது, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பவற்றைத் தீவினர் நினைவிலிருந்தே எடுத்துரைத்தனர்.

1992 ஜூன் 3ஆம் நாள் தீர்ப்பு வந்தது. எழுவரில் அறுவர், மேர் தீவு மக்களுக்கே அந்நிலம் உரியது என்றனர். மாபோ அதைக் கேட்க உயிரோடில்லை. அவ்வாண்டு ஜனவரியிலேயே மறைந்துவிட்டார். தீர்ப்பையொட்டி 1993இல் பூர்வகுடியினர் நிலவுரிமைச் சட்டம் பிறந்தது.

எனினும், மண்ணோடும் மரபோடும் தொடர்பு அறாமல் இருப்பதை உரிமை கோருவோரே மெய்ப்பிக்க வேண்டும். யோர்ட்டா யோர்ட்டா மக்களின் மரபுத் தொடர்ச்சி அறுந்துவிட்டதெனக் கூறி, 2002இல் அதே நீதிமன்றம் அவர்களது கோரிக்கையைத் தள்ளியது. தொடர்பை அறுத்தது வெள்ளையர் குடியேற்றமே அன்றோ! துரத்தப்பட்டவரிடமே துரத்தப்படாததற்குச் சான்று கேட்பது நீதியாகுமா என்பது, சட்டம் பயில்வோர் மட்டுமன்றி நாம் அனைவரும் சிந்திக்க வேண்டிய வினாவாகும்.