கோழி விலையும் பணத்தின் மதிப்பும்

ஆவுடையார்கோவில் ஒன்றியத்துச் சிற்றூர்களுக்கு நாம் செல்லுங்கால், கோழிக்கு இப்போது நல்ல விலை என்று மகிழ்வோர் பலரைக் காண்கிறோம். கைக்கு வரும் ரூபாய் கூடியது மெய்யே. ஆதாயமும் கூடியதா?

மத்திய அரசின் நுகர்வோர் விலைக் குறியீட்டெண் 2012இல் 100 எனக் கொள்ளப்பட்டது. 2024இல் அது ஏறத்தாழ 190. அஃதாவது, அன்று 100 ரூபாய்க்கு வாங்கிய பண்டங்களுக்கு 190 ரூபாய் வேண்டியதாயிற்று. 2012இல் ஒரு நாட்டுக்கோழியை 200 ரூபாய்க்கு விற்ற குடும்பம், 2024இல் அத்தகைய கோழியை 300 ரூபாய்க்கு விற்றதெனக் கொள்வோம். 380 ரூபாய் பெற்றிருந்தால்தான் பழைய நிலை. ஆகவே 80 ரூபாய் நட்டம். தவிடும் குருணையும் வீட்டிலேயே கிடைப்பதால் இந்நட்டம் எளிதில் புலப்படுவதில்லை.

எல்லா ஏற்றத்தாழ்வும் பணவீக்கமன்று. புரட்டாசியில் புலால் விலக்குவோர் மிகுதியாதலின் கறிக்கோழி விலை தாழும், தீபாவளிக்கு எழும். 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கோழியால் கொரோனா பரவும் என்ற பொய்ச் செய்தியாலும் விலை சரிந்தது. எனவே புரட்டாசி விலையைப் புரட்டாசி விலையோடுதான் ஒப்பிடல் வேண்டும்.

மகளிர் குழுக்களின் கணக்கேட்டில், கோழி விற்ற விலைக்கு அருகே அன்றைய எண்ணெய், பருப்பு விலைகளையும் எழுதிவருமாறு ஊராட்சி உறுப்பினர்கள் ஏற்பாடு செய்யலாம். நியாயவிலைக் கடைச் சரக்கின் விலை இதற்கு உதவாது; கடைத்தெரு விலையே வேண்டும்.