ஆனைகட்டிக் கருங்கல்லும் எரிமலைக் குகையும்

ஆனைகட்டியில் முப்பது வருஷம் மளிகைக் கடை வைத்திருந்தவன் நான். அட்டப்பாடிப் பக்கம் போகிறபோது, வெளிறிய பாறையைக் கிழித்துக்கொண்டு கன்னங்கரேலென்று ஒரு கல்பட்டை ஓடுவதை அன்பர்கள் சிலர் பார்த்திருக்கலாம். "எரிமலைக் குழம்பு ஓடிய தடம் இது, இதைப் பிடித்து மேலே போனால் எரிமலைக் குகை இருக்கும்" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். முன்பு ஒரு மலரில் எழுதியும் விட்டேன். அதில் பாதி தப்பு.

நிலவியல் படித்த அண்ணன் மகள்தான் திருத்தினாள். "குழம்புதான் சித்தப்பா, ஆனா ஓடலை. பூமிக்குள்ள வெடிப்புல ஏறி, வெளியே வராமலே உறைஞ்சு போச்சு." இதற்கு டைக் என்று பெயர். வயது இருநூறு கோடி ஆண்டுக்கு மேல். மேலே மூடியிருந்த பாறை தேய்ந்துபோனதால் இன்று நம் கண்ணில் படுகிறது.

குழம்பு நிலத்தின்மேல் ஓடினால்தான் எரிமலைக் குகை உண்டாகும். காய்ச்சிய பாலில் ஆடை படிவதுபோல மேல்பகுதி ஆறிக் கெட்டியாகும். அடியில் சூட்டோடு ஓடுவது வடிந்துபோனால் குழாய் மாதிரி பொந்து மிஞ்சும். சித்தன்னவாசல் சமணர் படுக்கைகள் இருக்கும் குகை இந்த வகை அல்ல. நம் ஊரில் எல்லாவற்றையும் கருங்கல் என்று சொல்லிவிடுவதால் வந்த குழப்பம் இது.

கடையை மூடிவிட்டு மகனோடு புனே வந்த பிறகுதான் தெரிந்தது, காலடியில் இருப்பதே எரிமலைக் குழம்பு என்று. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நில வெடிப்புகளிலிருந்து பொங்கி, அடுக்கடுக்காகப் படிந்த பசால்ட் இது. இன்றும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டரில் கிடக்கிறது. 2019-ல் எல்லோரா போனேன். சமணக் குடைவரைகள் (30 முதல் 34 வரை) வடகோடியில். வெயிலில் முழங்கால் வலியோடு நடந்தேன். வழியெல்லாம் பாறையில் சிறு ஓட்டைகள். குழம்பில் அடைபட்ட ஆவிக் குமிழிகள் விட்ட இடம். சிலவற்றில் வெள்ளைப் படிகம் அடைந்திருந்தது. 32-ஆம் குகையில் தூணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றேன். குகை உளியால் ஆனது, கல் நெருப்பால் ஆனது.

அந்த நெருப்பு இன்னும் அணையவில்லை என்பதே எனக்குப் பெரிய வியப்பு. தக்காணக் குழம்பைக் கக்கிய வெப்ப ஊற்று இப்போது ரீயூனியன் தீவுக்கடியில் இருப்பதாக அறிஞர் பலர் கருதுகிறார்கள். இந்தியா வடக்கே நகர்ந்துவிட்டது, ஊற்று அங்கேயே நின்றுவிட்டது. 19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டக் கூலிகளாக நம் தமிழர்கள் போய்ச் சேர்ந்த அதே தீவு! அங்கே 2004-ல் கடல்வரை ஓடிய குழம்பு விட்டுச்சென்ற பொந்துகளுக்குள், தலைக்கவசமும் விளக்கும் கொடுத்து வழிகாட்டியோடு கூட்டிப்போகிறார்கள். கூரை தாழ்ந்த இடங்களில் தவழ வேண்டும். என் முழங்காலுக்கு அது ஆகாது. அண்ணன் மகள் போகிறேன் என்கிறாள், ஒரு துண்டுக் கல்லாவது கொண்டுவரச் சொன்னேன். "எடுக்கக் கூடாது சித்தப்பா, போட்டோ கொண்டு வர்றேன்" என்றாள்.