ஓராண்டில் வீழ்ந்த இரு பேரரசுகள்

காலம் என்னும் ஆற்றில் ஆண்டுகள் ஓயாது வந்து கழிகின்றன. அவற்றுள் ஒரு சில, நாடுகளின் வரலாற்றையே திருப்பிவிட்டுச் செல்கின்றன. கி. பி. 1279 அத்தகையதோர் ஆண்டாகும். அவ்வாண்டில் தமிழகத்தில் சோழப் பேரரசு மறைந்தது. சீனத்தில் சுங் பேரரசு அழிந்தது. நெடுந்தொலைவிலிருந்த அவ்விரு நாடுகளையும் பிணைத்து நின்றது கடல். அக்கடல்வழியில் சிறந்து விளங்கிய துறைமுகங்களுள் ஒன்று, பாண்டிய நாட்டுக் காயல்.

பண்டு முத்துக்குப் பெயர் பெற்றிருந்த துறைமுகம் கொற்கை. பொருநையாறு கொணர்ந்த மண்ணால் கடல் விலகவே, கொற்கையின் வாணிகம் காயலுக்குப் பெயர்ந்தது. ஆண்டுதோறும் இளவேனிலில், கடல் அமைதியாக இருக்கும்போது, தோணிகள் முத்துப்பார்களை நோக்கிச் செல்லும். குளியாள் மூச்சை அடக்கிக் கடலின் அடித்தலத்திற்கு இறங்குவான். கைக்கு எட்டிய சிப்பிகளை வாரிப் பையில் இடுவான். தோணியில் நிற்பவன் கயிற்றைப் பற்றிக்கொண்டு, குறிப்பறிந்து அவனை மேலே தூக்குவான். சுறாமீனுக்கு அஞ்சாது மூழ்கிய அவ்வுழைப்பாளரின் உயிர், அந்தக் கயிற்றிலேயே இருந்தது.

இக்கடற்கரை 1279-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியனின் ஆட்சியில் இருந்தது. முன்னர்ச் சோழருக்கு அடங்கியிருந்த பாண்டியர், பதின்மூன்றாம் நூற்றாண்டில் தலைநிமிர்ந்தனர். குலசேகரன், சோழன் மூன்றாம் இராசேந்திரனையும் அவனுக்குத் துணைநின்ற போசள மன்னன் இராமநாதனையும் வென்றான். இராசேந்திரனின் ஆட்சியைக் குறிக்கும் கல்வெட்டுகள் 1279 ஆம் ஆண்டோடு நின்றுவிடுகின்றன. விசயாலயன் காலத்தில் எழுச்சி பெற்று, நானூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்த சோழர் ஆட்சி இவ்வாறு முடிவுற்றது.

அதே ஆண்டு மார்ச்சுத் திங்கள் 19 ஆம் நாள், தென்சீனக் கடற்கரையில் யாமென் என்னுமிடத்தில் பெரும் கடற்போர் நிகழ்ந்தது. மங்கோலியப் பேரரசன் குப்ளாய் கானின் படை, சுங் மரபின் எஞ்சிய கப்பற்படையை வளைத்துக்கொண்டது. தப்ப வழியில்லை எனக் கண்ட அமைச்சர் லூ சியூபூ, ஏழெட்டு வயதுச் சிறுவனாகிய பேரரசன் சாவோ பிங்கைச் சுமந்துகொண்டு கடலில் பாய்ந்தார். 960 முதல் விளங்கிய சுங் மரபு அச்சிறுவனோடு மறைந்தது.

வீழ்ந்த இவ்விரு பேரரசுகளும் ஒன்றையொன்று அறியாதவை அல்ல. முதலாம் இராசராசன் விடுத்த தூதுவர், 1015-இல் சுங் பேரரசரின் அவையை அடைந்தனர். அவர்கள் ஏந்திச் சென்ற கையுறைகளுள் முத்துக்களும் இருந்தன. முத்து விளையும் பாண்டிய நாடு அந்நாளில் சோழரின் ஆணைக்குள் இருந்தது என்பது கருதத்தக்கது.

அரசுகள் அழிந்தபோது கடல்வழியும் அடைபட்டதோ எனின், இல்லை. அராபியர் மாபார் என அழைத்த பாண்டிய நாட்டிலிருந்து, அதே 1279-இல் குப்ளாய் கானின் அவைக்குத் தூதுவர் சென்றதாகச் சீன வரலாறு கூறுகின்றது. இரண்டாண்டு கழித்து, 1281-இல், சீனத்துச் சுவான்சௌ நகரில் சிவபெருமானுக்குக் கோயில் எடுத்த செய்தியைத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று தெரிவிக்கின்றது. அந்நாட்டுக் கானின் நலம் வேண்டி எடுக்கப்பட்ட கோயில் அது!

மேற்றிசையிலும் 1279 மாற்றங்களைக் கண்டது. எகிப்தில் கலாவூன் சுல்தான் ஆனார். போர்ச்சுகலில் தினீசு அரியணை ஏறினார். அச்சிறு நாட்டின் கப்பல்கள் பிற்காலத்தில் முத்துக்கடலுக்கே வந்து, பதினாறாம் நூற்றாண்டில் தூத்துக்குடிக் கரையில் ஆதிக்கம் பெற்றன. அன்று அதனை எவர் அறிந்திருக்கக்கூடும்?

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் காயலைக் குறித்தெழுதிய மார்க்கோ போலோ, அங்கே மேலை நாட்டுக் கப்பல்கள் குதிரைகளோடு வந்து நின்றதைக் கூறுகின்றார். முத்துக்குளிப்போ, பாண்டியரும் போர்ச்சுகீசியரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் மாறி மாறி ஆண்டபின்னும் தொடர்ந்து, 1961-இல்தான் தூத்துக்குடியில் நின்றது. வாளால் எழுந்த பேரரசுகள் ஓராண்டில் மறைந்தன. குளியாளும் கயிறு பிடித்தவனும் ஒருவரையொருவர் நம்பிச் செய்த தொழிலோ ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் அவற்றின்பின் வாழ்ந்தது.