கம்பம் பன்னீர்த் திராட்சையும் இத்தாலியத் தோட்டமொன்றும்

திருச்சிராப்பள்ளியில் பாலக்கரையை அடுத்துள்ள காந்தி மார்க்கெட்டில் விற்கும் கருந்திராட்சைகளுள் மணத்தாலேயே இனங்காணத் தக்கது, தேனி ஜில்லா கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சையாகும். 'மஸ்கட் ஹாம்பர்க்' என்பது அதன் அயல்நாட்டுப் பெயர். அதன் பெற்றோர் ரகங்களுள் ஒன்று வட இத்தாலியில் பயிராகும் 'ஸ்கியாவா குரோஸ்ஸா'. மற்றொன்று அலெக்ஸாந்திரியா மஸ்கட். 1832-ம் வருஷத்தில் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இதனைக் கொணர்ந்தார் என்பது வழங்கிவரும் செய்தி. ஆயினும் இக்கலப்பு ரகம் இங்கிலாந்தில் தோன்றியது 1850-ஐ ஒட்டியேயாதலால், அவர் நட்டது வேறொரு கொடியாக இருத்தல் கூடும்.

கொடியைப் போலவே நிலமும் முக்கியம் என்பதற்கு இத்தாலி தேசத்து பிரோலியோ தோட்டம் தக்க சான்று. டஸ்கனி பிரதேசத்தில் கியாந்தி மலைப்பகுதியிலுள்ள அது, 1141-ல் ரிக்காஸோலி குடும்பத்தார் கைக்கு வந்தது. சுண்ணாம்புக் கல்லும் உதிரும் களிப்பாறையும் கலந்த மேட்டு நிலமாதலின் நீர் தேங்குவதில்லை. வேர் ஆழச் செல்லும். காய்ப்புக் குறைந்தாலும் பழச்சாறு செறிவுறும். 1861-ல் இத்தாலியின் பிரதம மந்திரியான பெட்டினோ ரிக்காஸோலி, எந்தெந்தத் திராட்சையைக் கலந்தால் அந்நிலத்துக்கேற்ற மது கிடைக்கும் என்பதைப் பல்லாண்டு சோதித்து, 1872-ல் எழுதிவைத்தார். அதற்கும் வெகுகாலம் முன்னரே, 1716-ல், டஸ்கனிக் கோமகன் மூன்றாம் கோஸிமோ கியாந்தி என்னும் பெயருக்கு எல்லை வகுத்து, வெளியில் விளைந்ததை அப்பெயரால் விற்கலாகாது என்று ஆணையிட்டார்.

கம்பத்தின் தன்மை வேறு. டஸ்கனியில் குளிர்காலத்தில் கொடி இலையுதிர்த்து உறங்கும். கம்பத்தில் அது உறங்குவதே இல்லை. கவாத்துச் செய்த நாளே பயிரின் தொடக்கம். அதிலிருந்து சுமார் நான்கு மாதத்தில் பழம். ஆகவே தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நாளை மாற்றி, வருஷம் முழுவதும் சந்தைக்குப் பழம் அனுப்ப முடிகிறது. மேற்கே மலைத்தொடர், கிழக்கே மேகமலை, இடையே 1895-ல் பூர்த்தியான பெரியாறு அணையின் ஜலம். இவ்வாய்ப்பு வேறெங்கும் எளிதிற் கிட்டாது. ஆனால் பழுக்குந் தறுவாயில் மழை பெய்யின் தோல் வெடித்துக் குலை அழுகும். மது வடிப்போர் சரக்கை வருஷக்கணக்கில் வைத்திருப்பர். பழமாகவே விற்கும் குடியானவரோ சில தினங்களுக்குள் கேட்ட விலைக்குக் கொடுத்தாக வேண்டும்.

2023-ல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும் அப்பெயரைச் சட்டப்படி உபயோகிக்க விரும்புவோர், அங்கீகாரம் பெற்ற உபயோகஸ்தராகத் தாமும் பதிந்துகொள்ள வேண்டும். பதிவு நடவாவிடில், பெயர் ஊருக்கும் லாபம் பிறருக்குமாய் முடியும். விளைநிலம் வகுத்த எல்லைக்குட்பட்டது என்று காட்டக் கிராமக் கணக்கு உதவுமாதலின், அடங்கலில் 'திராட்சை' என்று மட்டும் குறியாது, ரகத்தின் பெயரையும் எழுதிவைத்தல் நலம்.