பைன் மரங்களின் உறவுமுறையும் மரபணுப் பன்மையும்

பைன் என்பது ஊசி போன்ற இலைகளும் மரத்தன்மையுள்ள கூம்புகளும் கொண்ட மரங்களின் பொதுப்பெயர். தாவரவியலில் இவை 'பினஸ்' என்னும் ஒரே பேரினத்தில் அடங்கும். இப்பேரினத்தில் ஏறத்தாழ 110 முதல் 120 சிற்றினங்கள் உள்ளன. பூக்கும் தாவரங்களைப் போல இவற்றின் விதைகள் கனிக்குள் மூடப்பட்டிருப்பதில்லை; கூம்பின் செதில்கள் மேல் திறந்த நிலையில் அமைகின்றன. ஆகவே இவை திறந்தவிதைத் தாவரங்கள் எனப்படும்.

பவானியில் பைன் வளர்வதில்லை. ஆனால் இவ்வூருக்குப் பெயர் தந்த ஆறு பிறக்கும் நீலகிரியில் பைன் தோப்புகள் உண்டு. உதகைக்குச் சுற்றுலா சென்று திரும்பும் மாணவர்கள், "ஐயா, அது நம்ம ஊர் சவுக்கு மரந்தானே?" என்று கேட்பது வழக்கம். கேள்வி இயல்பானதே. இரண்டும் தூரத்தில் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் சவுக்கு ஒரு பூக்கும் தாவரம். அதில் ஊசி போலத் தெரிவது இலையன்று, கணுக்கணுவாக அமைந்த மெல்லிய தண்டு. உண்மையான இலைகள் அந்தக் கணுக்களில் சிறு பற்களைப்போல் ஒட்டியிருக்கும். தோற்றத்தை வைத்து உறவைச் சொல்ல முடியாது என்பதற்கு இதுவே முதல் சான்று. பைன்களுக்குள்ளேயும் இதே கதைதான்.

தென்னிந்தியாவின் நிலை

தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் பைன் எதுவும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு உரிய ஊசியிலைத் தாவர வகை மரம் 'நகேயா வாலிச்சியானா' மட்டுமே. அதன் இலையோ ஊசியாக இல்லாமல் அகன்று இருக்கும். ஊசியிலை இல்லாத அந்த மரம் பைனுக்கு உறவு. ஊசி போன்ற தோற்றமுள்ள சவுக்கு உறவன்று.

நீலகிரியிலும் பழனி மலையிலும் மிகுதியாக நடப்பட்ட பைன், மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட 'பினஸ் பேட்டுலா'. நீண்டு தொங்கும் மெல்லிய ஊசிகளால் இதை எளிதில் அடையாளம் காணலாம்.

இந்தியாவின் சொந்தப் பைன்கள்

இந்தியாவுக்கு உரிய பைன்கள் இமயமலைப் பகுதியிலும் வடகிழக்கிலும் உள்ளன. முக்கியமானவை:

1. சிர் பைன் (பினஸ் ராக்ஸ்பர்கி): இமயத்தின் தாழ்ந்த சரிவுகளில் வளர்வது. ஒரு கொத்துக்கு மூன்று ஊசிகள். இதிலிருந்து பிசின் வடிக்கிறார்கள்.

2. நீலப் பைன் (பினஸ் வாலிச்சியானா): சிர் பைனைவிட உயரமான இடங்களில் வளர்வது. ஐந்து ஊசிகள்.

3. சில்கோசா பைன் (பினஸ் ஜெரார்டியானா): இமாச்சலப் பிரதேசத்தின் கின்னவுர் போன்ற வறண்ட மலைப்பகுதிகளில் வளர்வது. மூன்று ஊசிகள். உலர்பழக் கடைகளில் விலை உயர்ந்த பருப்பாக விற்கப்படுவது இதன் விதையே.

4. காசியா பைன் (பினஸ் கேசியா): மேகாலயாவின் காசி மலைகளால் பெயர் பெற்றது. மூன்று ஊசிகள்.

இவற்றைத் தவிர, இரண்டு ஊசிகள் கொண்ட 'மெர்குசி' வகைப் பைன் அருணாசலப் பிரதேசத்தில் காணப்படுகிறது. இவ்வகை தென்கிழக்கு ஆசியா வழியே சுமத்ரா வரை பரவியுள்ளது. நிலநடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே இயற்கையாக வளரும் ஒரே பைன் வகை இதுவே.

ஊசியை எண்ணினால் உறவு தெரியுமா?

ஒரு கொத்தில் எத்தனை ஊசிகள் என்று எண்ணிப் பைன்களைப் பிரிப்பது பழைய முறை. கள அடையாளத்துக்கு அது உதவும். உறவைச் சொல்ல அது போதாது.

பைன் பேரினத்தில் இரண்டு பெரும் கிளைகள் உள்ளன. ஊசியைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால், ஒரு கிளையில் நடுவே இரண்டு வாஸ்குலார் கற்றைகள் இருக்கும், இவை வன்பைன்கள். மற்றொரு கிளையில் ஒரே கற்றை இருக்கும்; இவை மென்பைன்கள். பின்னாளில் வந்த டி.என்.ஏ. ஆய்வுகளும் இந்த இரு கிளைப் பிரிவை உறுதி செய்தன.

இப்போது மேலே சொன்ன பட்டியலைத் திரும்பப் பாருங்கள். சில்கோசாவும் சிர் பைனும் மும்மூன்று ஊசிகள் கொண்டவை. ஆனால் சில்கோசா மென்பைன் கிளையைச் சேர்ந்தது. அதாவது, ஐந்து ஊசியுள்ள நீலப் பைனே அதற்கு நெருங்கிய உறவு.

சிர் பைனின் கதை இன்னும் வியப்பானது. அதே நாட்டில் வளரும், அதே மூன்று ஊசி கொண்ட காசியா பைன் அதன் நெருங்கிய உறவன்று. ஆப்பிரிக்காவின் மேற்கே, அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள கேனரி தீவுகளின் பைன் மரமே அதன் மிக நெருங்கிய உறவு. இவை இரண்டும் மத்தியதரைக்கடல் பகுதிப் பைன்களின் குழுவில் அடங்கும். இடையிலே பல ஆயிரம் கிலோமீட்டர் தூரம். ஒரு காலத்தில் தொடர்ந்து பரவியிருந்த ஒரு மரபுவழியின் இரு முனைகள் மட்டும் எஞ்சியிருப்பதாக இதைப் புரிந்துகொள்ளலாம். நீலகிரியில் நாம் பார்க்கும் பேட்டுலாவோ மூன்றாவது குழு. அதன் உறவினர் அனைவரும் அமெரிக்கக் கண்டத்தில் இருக்கிறார்கள்.

மரபணு எவ்வாறு உறவைக் காட்டுகிறது?

பைன்கள் மிகப் பழையவை. 13 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய பைன் புதைபடிவங்கள் கிடைத்துள்ளன. இவ்வளவு காலம் கடந்தும் பைன்கள் குரோமோசோம் எண்ணிக்கையில் மாறவில்லை. சிற்றினம் எதுவானாலும் 24 தான். ஆனால் மரபணுத் தொகுதி மிகப் பெரியது. மனிதனின் டி.என்.ஏ. ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்டது. 2014இல் வெளியான லோப்லாலி பைனின் மரபணுத் தொகுதி ஏறத்தாழ 2,200 கோடி எழுத்துகள். இதில் பெரும்பகுதி திரும்பத் திரும்ப வரும் தொடர்களே.

பைன்களின் உறவை ஆராய்வோருக்கு இயற்கை ஒரு வசதி செய்து கொடுத்திருக்கிறது. பைனில் பசுங்கணிகத்தின் டி.என்.ஏ. மகரந்தம் வழியாக, அதாவது தந்தை மரத்திடமிருந்து வருகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. விதை வழியாகத் தாய் மரத்திடமிருந்து வருகிறது. ஆகவே ஒரே மரத்தில் தந்தை வழியையும் தாய் வழியையும் தனித்தனியே பார்க்க முடியும். இரண்டும் வெவ்வேறு சிற்றினங்களைக் காட்டினால், அம்மரம் கலப்பு வழியில் வந்தது என்று அறியலாம். திபெத்தியப் பீடபூமியின் தென்கிழக்கில் வளரும் 'பினஸ் டென்சாட்டா' இரண்டு சீனப் பைன் இனங்களின் கலப்பிலிருந்து உருவான தனிச் சிற்றினம் என்பதை நிறுவ மரபணு ஆய்வுகளே உதவின.

கலப்புக்கும் எல்லை உண்டு. நெருங்கிய உறவுள்ள பைன்கள் ஒன்றோடொன்று கலக்கும். வன்பைனும் மென்பைனும் கலப்பதில்லை. இமயத்தில் சிர் பைனும் நீலப் பைனும் அருகருகே நிற்கும் இடங்களிலும் அவற்றுக்கிடையே கலப்பு மரம் தோன்றுவதில்லை.

ஒரே சிற்றினத்துக்குள் வேறுபாடு

உறவுமுறை என்பது சிற்றினங்களுக்கு இடையே உள்ள தொடர்பு. மரபணுப் பன்மை என்பது ஒரே சிற்றினத்துக்குள் மரத்துக்கு மரம் உள்ள வேறுபாடு. பைன்களின் மகரந்தத்தைக் காற்று வெகுதூரம் கொண்டு செல்வதால், ஒரு காட்டில் நிற்கும் மரங்களுக்குள்ளேயே பெரும் பன்மை இருக்கும். சிர் பைன் காட்டில் ஒரு மரம் நிறையப் பிசின் தரும். பக்கத்து மரம் குறைவாகத் தரும். ஒன்றின் மர இழை நேராக இருக்கும். இன்னொன்றில் முறுக்கிக்கொண்டு இருக்கும்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. கலிபோர்னியாவின் டோரி பைன், கடற்கரையில் ஓரிடத்திலும் ஒரு தீவிலுமாக இரண்டே இடங்களில் வளர்கிறது. 1983இல் வெளியான ஆய்வில் 59 மரபணு இடங்களைச் சோதித்தபோது, ஒவ்வோர் இடத்திலும் உள்ள மரங்களுக்குள் வேறுபாடே தென்படவில்லை. இரு கூட்டங்களுக்கு இடையேயும் இரண்டு இடங்களில் மட்டுமே வேறுபாடு இருந்தது. முன்னொரு காலத்தில் அம்மரங்கள் மிகச் சிலவாகக் குறைந்து மீண்டதன் அடையாளமாக இது கருதப்படுகிறது.

நம் நாட்டில் சில்கோசா பைன் கவலைக்குரியது. பருப்புக்கு நல்ல விலை கிடைப்பதால் கூம்புகள் ஏறத்தாழ முழுவதும் பறிக்கப்படுகின்றன. பறிக்கும்போது கிளைகளும் ஒடிகின்றன. நிலத்தில் விழுந்து முளைக்க விதை மிஞ்சுவதில்லை; இளங்கன்றுகள் அரிதாகிவிட்டன. கன்று இல்லாத காட்டில் ஒவ்வொரு முதிய மரம் சாயும்போதும் அதனிடம் மட்டும் இருந்த மரபணு வேறுபாடும் சேர்ந்து போய்விடும்.

நோய் வரும்போது பன்மையின் பயன்

இந்தப் பன்மையால் என்ன பயன் என்பதை நோய்க் காலத்தில் காணலாம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஐரோப்பிய நாற்றுகளோடு வெண்பைன் கொப்புளத் துரு என்னும் பூஞ்சை நோய் வட அமெரிக்காவுக்குச் சென்றது. அது ஐந்து ஊசி மென்பைன்களைத் தாக்கிப் பெருங்காடுகளை அழித்தது. வன்பைன்களை அது தொடவில்லை. யார் யாருக்கு உறவு என்று தெரிந்தால் யாருக்கு ஆபத்து என்பதும் தெரியும்.

அழிந்த காடுகளிலும் சில சர்க்கரைப் பைன்கள் நோயின்றி நின்றன. அவற்றில் ஓர் ஓங்கு மரபணு எதிர்ப்புத் தருவதாக 1970இல் அறியப்பட்டது. அந்த மரங்களின் விதைகள் மறுநடவுக்குப் பயன்படுகின்றன. ஆனால் சில இடங்களில் பூஞ்சையும் மாறி, அந்த ஒரு மரபணுவை வென்றுவிட்டது. ஆகவே எதிர்ப்புள்ள ஒரே மரபணுவை நம்பியிருப்பதும் போதாது. பலவகை எதிர்ப்புகள் தேவை. நம் நீலப் பைனுக்கு இந்நோயைத் தாங்கும் திறன் ஒப்பளவில் அதிகம். அதனால் அமெரிக்க வெண்பைனோடு அதைக் கலந்து புதிய வகைகள் உருவாக்க முயன்றனர்.

பேட்டுலாவுக்கும் இத்தகைய அனுபவம் உண்டு. தென்னாப்பிரிக்க நாற்றங்கால்களில் 1990 முதல் ஒரு பியூசேரியம் பூஞ்சை அதன் நாற்றுகளை அழித்தது. அங்குள்ளவர்கள் அதன் நெருங்கிய உறவான, நோய் தாங்கும் 'பினஸ் டெகுனுமானி'யோடு அதைக் கலந்து நடத் தொடங்கினர்.

நீலகிரிப் பைன்களை எவ்வாறு பார்ப்பது?

பன்மை நல்லதென்றால் நீலகிரியில் பைன் இருப்பதும் நல்லதுதானே என்று ஒரு மாணவர் கேட்கலாம். பன்மை என்பது எங்கும் எதையும் நடுவதாகாது. மெக்சிகோ மலையில் பேட்டுலா அந்நிலத்தின் பூச்சிகள், பூஞ்சைகள், பிற மரங்களோடு சேர்ந்து வளர்ந்த மரம். நீலகிரியில் அது, சோலைக்காடுகளைச் சூழ்ந்திருந்த புல்வெளிகள்மேல் நடப்பட்டது. அதன் விதைகள் காற்றில் பறந்து மீதமுள்ள புல்வெளியிலும் முளைக்கின்றன. அடர்ந்த ஊசிச் சருகின் கீழ் மற்றச் செடிகள் எளிதில் எழுவதில்லை. மழைநீரைப் பிடித்துவைத்து மெல்ல விடும் அந்தச் சோலையும் புல்வெளியுமே பவானி ஆற்றின் ஊற்றுக்கண். 2022இல் தமிழ்நாடு அரசு அயல் படர் தாவரங்களுக்கும் சூழல் மீட்புக்குமான கொள்கையை வெளியிட்டது. அதன்படி இத்தகைய தாவரங்களை அகற்றி இயல்பு நிலத்தை மீட்பது அரசின் நோக்கம்.

நம் வயலுக்கான பாடம்

கோவையில் உள்ள வன மரபியல் மற்றும் மர இனப்பெருக்க நிறுவனம் 1988 முதல் சவுக்கு, தைலமரம், தேக்கு போன்றவற்றில் நல்ல மரங்களைத் தேர்ந்து குளோன்களை உருவாக்கி வருகிறது. கொங்கு நாட்டு உழவர் பலர் இன்று காகித ஆலைக்காக நடுவது இத்தகைய குளோன் நாற்றுகளையே. ஒரு குளோன் என்பது ஒரே மரத்தின் நகல்கள். ஒரே சீராக வளரும், ஒரே நேரத்தில் வெட்டலாம். ஆனால் அதற்கு ஒரு நோய் ஒத்துப்போனால், தோப்பு முழுவதற்கும் ஒத்துப்போகும்.

எனவே நாற்று வாங்கும்போது குளோனின் பெயரைக் கேட்டு எழுதிவைப்பதும், ஒரே குளோனை முழு நிலத்திலும் நடாமல் மூன்று நான்கு குளோன்களைத் தனித்தனிப் பாத்திகளாக நடுவதும் நல்லது. கம்பு, ராகி, பயறு என்று கலந்து விதைத்த நம் முன்னோர் இதை வேறு வழியில் அறிந்திருந்தார்கள். ஒன்று போனாலும் ஒன்று நிற்கும் என்பது அவர்கள் கணக்கு. டோரி பைனும் சர்க்கரைப் பைனும் சொல்வது அதே கணக்கைத்தான்.