சட்டை மாற்றிய காலராக் கிருமி

வாந்திபேதி என்று நம் பாட்டிமார் அஞ்சிய காலராவை உண்டாக்குவது விப்ரியோ காலரே என்னும் பாக்டீரியா. 1992-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சென்னையிலும், பின்பு வேலூர், மதுரை ஆகிய ஊர்களிலும் இந்நோய் பரவியபோது மருத்துவர்கள் திகைத்தனர். நோயின் குறிகள் எல்லாம் காலராவுக்கு உரியவையே. ஆயினும் கிருமியைச் சோதித்தால், காலராவுக்கென்று வைத்திருந்த ஓ1 சீரத்தில் அது சிக்கவில்லை!

பாக்டீரியாவின் மேற்பரப்பில் சர்க்கரைச் சங்கிலிகள் உண்டு. அவற்றைக் கொண்டே இக்கிருமியை வகை பிரிப்பார்கள். அதுவரை அறிந்த வகைகள் 138. அவற்றுள் ஓ1 ஒன்றே பெருங்கொள்ளை நோயை உண்டாக்கி வந்தது. புதியதற்கு ஓ139 என்று பெயரிட்டார்கள். நம் உடலின் காவலர் பகைவனை அடையாளம் காண்பது அவன் சட்டையைப் பார்த்துத்தானே! ஆகவே பழைய வகைக்கு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்த பெரியவர்களும் படுக்கையில் விழுந்தனர். 1993-இல் இது வங்காளதேசத்திலும் பரவியது.

சட்டை எங்கிருந்து வந்தது? உள்ளே பார்த்தால் இது பழைய ஓ1 கிருமியேதான். மேலுறைக்குரிய ஜீன்கள் மட்டும் நீங்கி, அவ்விடத்தில் வேறு ஜீன்கள் அமர்ந்திருந்தன. இவை ஓ22 என்னும் வகையின் ஜீன்களைப் பெரிதும் ஒத்திருக்கின்றன. தாயிடமிருந்து மகளுக்கு வருவதே மரபு என்று நாம் படிக்கிறோம். பாக்டீரியாவோ அண்டை வீட்டாரிடமிருந்தும் ஜீனைப் பெற்றுக்கொள்கிறது.

அதற்கு வாசலாக இருப்பதும் மேற்பரப்பே. கடல்நீரிலும் கழிமுகங்களிலும் வாழும் விப்ரியோ, இறால், நண்டு போன்றவற்றின் ஓட்டில் ஒட்டிக்கொள்ளும். தூத்துக்குடிக் கடற்கரையில் வளரும் நமக்கு அந்த ஓடு புதிதன்று. அதில் கைட்டின் என்ற பொருள் உள்ளது. கைட்டின் மீது வாழும்போது இக்கிருமி வெளியிலுள்ள டி.என்.ஏ.வை ஏற்கும் திறன் பெறுகிறது என்று 2005-இல் கண்டறிந்தனர். அதன் உடலிலிருந்து பைலஸ் என்னும் மெல்லிய இழை நீண்டு, நீரில் கிடக்கும் டி.என்.ஏ.வைப் பிடித்து, தூண்டிற்காரர் மீனை இழுப்பதுபோல் உள்ளே இழுக்கிறது. 2018-இல் இதனை நுண்ணோக்கியிலேயே கண்டார்கள்.

எனக்கு மிகவும் வியப்பளித்தது வேறொன்று. காலராவின் நச்சுக்குரிய ஜீன்கூட இக்கிருமியின் சொந்தப் பொருளன்று. ஒரு வைரஸ் கொண்டுவந்தது! 1996-இல் வால்டர், மெக்கலானோஸ் என்ற அறிஞர்கள் இதை வெளியிட்டார்கள். குடலில் குடியேற உதவும் மற்றொரு வகைப் பைலஸைப் பற்றிக்கொண்டே அந்த வைரஸ் நுழைகிறது. அந்த இழை இல்லாத கிருமிக்குள் அது எளிதில் புக முடியாது. விப்ரியோ மிமிக்கஸ் என்பது வேறு இனம். அதிலும் சிலவற்றில் இதே இழையும், இதே வைரஸும் இருக்கின்றன. இனம் வேறானாலும் கதவு ஒன்றாயிருந்தால் ஜீன் கடந்துவிடுகிறது.

கதவு அடைபடுவதும் உண்டு. ஓ1 சங்கிலியைப் பற்றி நுழையும் சில வைரஸ்களால், சட்டை மாற்றிய ஓ139-க்குள் புக முடியவில்லை.

சில ஆண்டுகளில் ஓ139 குறைந்து, ஓ1 மீண்டும் தலைதூக்கியது. எனினும் 2009-இல் இந்தியாவில் அனுமதி பெற்ற வாய்வழித் தடுப்பு மருந்தில், கொல்லப்பட்ட ஓ1, ஓ139 ஆகிய இரு வகைக் கிருமிகளையுமே சேர்த்திருந்தார்கள்.